ஈரக் குப்பை வார்டைத் தாண்டலாகாது

சென்னை மாநகரம் நாள்தோறும் வெளியே தள்ளும் 5,000 டன்னுக்கு மேற்பட்ட குப்பையில் பாதிக்கும் அதிகமானது காய்கறித் தோலும், மிஞ்சிய சோறும், வாடிய பூவும், வாழையிலையுமாக, மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்பக்கூடிய வஸ்து. அதை லாரிகளில் ஏற்றி, ஊரைக் கடத்தி, கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவித்து வந்திருக்கும் நம் நிர்வாகத்தின் விவேகத்தை என்னவென்று சொல்வது!

பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். 2022-இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சர் தலம் என்ற சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கிடங்கில் பற்றிய தீ, நாட்கணக்கில் புகைந்து சுற்றுவட்டாரத்தைத் திணறடித்தது. காற்றுப் புகாமல் அமுங்கிக் கிடக்கும் ஈரக் குப்பை மீத்தேன் வாயுவைக் கக்கும். ஒரு பொறி விழுந்தால் போதும். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்கும் வேலை பெரும் பொருட்செலவில் நடந்து வருவதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் ஈரமும் உலர்ந்ததும் கலந்து வருவது நிற்காதவரை அந்த வேலைக்கு முடிவேது?

கெடுதல் தொடங்குமிடம் சமையலறை. காலையில் படித்து மடித்த செய்தித்தாளைப் பழைய பேப்பர்க்காரர் தராசில் வைத்துக் காசு கொடுத்து வாங்கிப் போகிறார். அதே தாளில் சாம்பார் வழியும் இலையைச் சுருட்டி எறிந்துவிட்டால் அதைக் காயலான் கடைக்காரர்கூடத் தொடமாட்டார். பால் கவரை அலசிச் சுவரில் ஒட்டிக் காயவைத்து, சேர்த்து எடைக்குப் போட்ட நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தச் சூட்சுமத்தை எந்த நிபுணரும் வந்து உபதேசிக்க வேண்டியிருக்கவில்லை. (அந்தச் சிக்கனத்தைக் கஞ்சத்தனமென்று எள்ளி நகையாடியவர்களும் நாமேதான்.) மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஊசி, பேட்டரி போன்ற அபாயகரமானவை என வீட்டிலேயே மூன்றாகப் பிரித்துத் தரவேண்டுமென்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அப்போதே சொல்லியிருந்தன.

ஆனால் ஜனங்களை மாத்திரம் குறை கூறுவது நியாயமன்று. பச்சைக் கூடையிலும் நீலக் கூடையிலும் கவனமாகப் பிரித்துக் கொடுத்ததெல்லாம் தெருமுனையில் ஒரே வண்டியில் ஒன்றாய்க் கொட்டப்படுவதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்ட குடும்பத் தலைவி, மறுநாளும் சிரமமெடுத்துப் பிரிப்பாள் என்று எந்த முகத்தோடு எதிர்பார்க்கிறோம்? கையுறைகூட ஒழுங்காகக் கிடைக்காத தூய்மைப் பணியாளர், அத்தனையையும் நடுத்தெருவில் நின்று பிரிக்கவேண்டுமென்று விதிப்பதோ கொடுமையிலும் கொடுமை.

இந்நிலையில்தான் கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் யோசனை பரிகாரமாக முன்வைக்கப்படுகிறது. நாம் அதை ஆட்சேபிக்கிறோம். தில்லியின் திமார்பூரில் 1987-இல் டென்மார்க் உதவியோடு நிறுவப்பட்ட எரியுலை ஒரு மாதம்கூட ஓடாமல் நின்றுபோனதற்குக் காரணம், நம் குப்பையில் நீரும் மண்ணும் மிகுந்து, எரிசக்தி போதாமற்போனதே. இயந்திரம் அதன் பிறகு எவ்வளவோ முன்னேறியிருக்கலாம். நம் குப்பையின் ஈரம் குறையவில்லை. அன்றியும் எரியுலை என்பது தினந்தோறும் தீனி கேட்கும் பூதம்: அதற்குக் குப்பை குறையாமல் அனுப்பும் நிர்ப்பந்தத்தில் சிக்கிய நிர்வாகம், குப்பையைக் குறைக்கச் சொல்லிப் பிரஜைகளிடம் எப்படிப் பிரசாரம் செய்யும்? தலைமுறையாக நகரத்தின் துர்நாற்றத்தைச் சுமந்த வடசென்னையே அதன் புகையையும் சுமக்கவேண்டும் என்பது எந்த தர்மத்தில் சேர்த்தி?

கேரளத்து ஆலப்புழை வேறு வழி கண்டது. 2012-இல், அந்நகரத்தின் குப்பை கொட்டப்பட்டு வந்த சர்வோதயபுரத்தின் வாசிகள் நகரத்துக் குப்பை லாரிகளை இனி அனுமதிப்பதில்லை என்று மறித்தபின், வேறு போக்கிடம் இல்லாத அந்நகரம் வீடுகளில் சாண எரிவாயுக் கலம் போன்ற சிறு கலங்களையும், தெருக்களில் உரத்தொட்டிகளையும் அமைத்துக்கொண்டது. சென்னை அதைப் போலப் பன்மடங்கு பெரிய நகரம் என்பார்கள், வாஸ்தவம். ஆனால் ஒரு வார்டு ஆலப்புழையைவிடப் பெரிதன்றே!

ஆகவே மாநகராட்சி முதலில் வண்டிகளைத் திருத்தட்டும்: ஈரத்துக்கு ஒன்று, உலர்ந்ததற்கு ஒன்று; இரண்டையும் கலக்கும் ஒப்பந்ததாரருக்கு அன்றைய பட்டுவாடா இல்லை. ஈரக் குப்பை அந்தந்த வார்டிலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாறட்டும். பிரிக்காத வீட்டுக்கு அபராதம் விதிப்பதை அதன் பிறகு நாமும் ஆதரிப்போம். எரியுலைக்கான ஒப்பந்தம் அதுவரை ஒத்திவைக்கப்படவேண்டும்.