தண்ணீருக்குக் கணக்கு

அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையில் கோடைகாலத்தில் நின்று பாருங்கள். "இந்த ஆறா ஊருக்குள் வந்தது?" என்று கேட்கத் தோன்றும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். தறிக்குழியில் தண்ணீர் நின்றால் நெசவாளி வீட்டில் அடுப்பு எரியாது.

"தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று முன்னாலேயே சொல்ல முடியாதா?" இதுதான் கரையோர மக்களின் கேள்வி. நியாயமான கேள்வி.

ஓடுகிற பொருளுக்குக் கணக்குப் போடலாம். அந்த வித்தையின் ஒரு கிளைக்கு வழி காட்டியவர் நம் நாட்டுக்காரர். பெயர் அனீசுர் ரகுமான். 1927ல் ஐதராபாத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜிலும் பெல்ஜியம் நாட்டிலும் படித்தார். ஊர் திரும்பி உஸ்மானியா சர்வகலாசாலையில் பாடம் சொன்னார். 1960ல் அமெரிக்காவிலுள்ள ஆர்கான் தேசிய ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் கையில் எடுத்த பொருளும் ஆர்கான்தான்! அது ஒரு வாயு. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றில் ஒரு பங்கு இருக்கிறது. மிகவும் குளிரவைத்தால் தண்ணீர்போல் ஆகிவிடும். ஆராய்ச்சிக்கூடத்துக்கும் வாயுவுக்கும் பெயரின் ஒலிதான் ஒன்றுபோல் இருக்கிறது. வேறு சம்பந்தம் கிடையாது.

திரவத்துக்குள் அணுக்கள் எப்படி அலைகின்றன? கண்ணால் பார்க்க முடியாது. கணக்கால் பார்க்கலாம் என்றார் ரகுமான்.

தேர்த் திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நகர்ந்தால் பக்கத்திலிருப்பவரும் நகர வேண்டும். அணுவும் அப்படியே. இரண்டு அணுக்கள் மிகவும் நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளும். சற்று விலகினால் இழுக்கும். ரகுமான் 864 அணுக்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் மற்றவை எவ்வளவு தள்ளுகின்றன, எவ்வளவு இழுக்கின்றன என்று கம்ப்யூட்டரைக் கொண்டு கணக்கிட்டார். அதன்படி எல்லா அணுக்களையும் இம்மியளவு நகர்த்தினார். மறுபடி கணக்கு. மறுபடி நகர்த்தல்.

ஒரு தடவை நகர்த்த எவ்வளவு நேரம் வைத்தார் தெரியுமா? ஒரு விநாடியைக் கோடி கூறாக வெட்டுங்கள். அதில் ஒரு கூறை எடுத்து மறுபடி கோடி கூறாக வெட்டுங்கள். அந்தத் துளி நேரந்தான்!

அவருக்கு முன்பே, 1957ல், ஆல்டர், வெயின்ரைட் என்ற இருவர் கோலிக்குண்டுகள்போல் மோதும் அணுக்களுக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள். உண்மையான திரவத்தின் இழுப்பையும் தள்ளலையும் சேர்த்து, 1964ல் வெளியிட்டவர் ரகுமான். சோதனைச்சாலையில் அளந்த விடையோடு அவர் விடை ஒத்துப்போனது. 1971ல் ஸ்டில்லிங்கர் என்பவரோடு சேர்ந்து தண்ணீருக்கே கணக்குப் போட்டார். 216 மூலக்கூறுகள். 1987ல், அறுபது வயது நிறையுமுன் காலமானார். அமெரிக்க இயற்பியல் சங்கம் அவர் பெயரால் பரிசு கொடுக்கிறது. அவரைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் விழிக்கிறார்கள். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. நாம் சொல்லவில்லை.

அடையாற்றுக்கு அணு அணுவாகக் கணக்குப் போட முடியுமா? முடியாது. ஒரு சொட்டுத் தண்ணீரிலுள்ள மூலக்கூறுகளை எழுத, ஒன்றுக்குப் பின்னால் 21 சைபர் போட வேண்டும். ஆகவே ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்று பார்க்கிறார்கள். சிறிது நேரம் தள்ளி மறுபடி பார்க்கிறார்கள். பொருள் வேறு, சூத்திரம் வேறு. அடி அடியாக நடக்கும் நடை ஒன்றே.

இப்படிச் சென்னைக்கு ஒரு வெள்ள எச்சரிக்கை ஏற்பாட்டைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 2019ல் வெளியிட்டது. ஐ.ஐ.டி.க்களும் அண்ணா பல்கலைக்கழகமும் இதில் பங்கு கொண்டன. பாராட்ட வேண்டிய வேலை.

ஆனால், விஞ்ஞானி போட்ட கணக்கு அதிகாரியின் மேஜையோடு நின்றுவிடக் கூடாது. கரையோரத் தெருவுக்கு வர வேண்டும். "விநாடிக்கு இத்தனை கனஅடி" என்று சொன்னால் பாட்டிக்கு என்ன புரியும்? "உங்கள் தெருவில் இன்றிரவு பத்து மணிக்கு முழங்கால் அளவு தண்ணீர் வரும்" என்று தமிழில், ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். 2015ல் தண்ணீர் ஏறிய உயரத்தை விளக்குக் கம்பங்களில் சிவப்புக் கோடாகப் போடுங்கள். அதைக் காட்டியே அளவு சொல்லலாம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். அரை நாள் அவகாசம் கிடைத்தால் போதும். பாவு, நூல், அரிசி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிடலாம்.