வரப்பில் நிற்பவருக்கும் பயிற்சி வேண்டும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் வழிகளில் குப்பனூர் வழி சற்றே அமைதியானது. சென்ற முறை அவ்வழியே சென்றபோது, அடிவாரத்துக் கத்தரித் தோட்டம் ஒன்றைக் காட்டி நண்பர் ஒருவர் கேட்டார்: "அனுமதி பெறாத மரபணு மாற்று விதை இதில் இருந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்?" எங்களுள் எவருக்கும் விடை தெரியவில்லை.

விடை சட்டத்தில் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வகுக்கப்பட்ட விதிகள் ஆறு வகைக் குழுக்களை நிறுவுகின்றன. தில்லியில் கூடும் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவை நாளிதழ் படிப்போர் அறிவர். கடைசிப் படியான மாவட்டக் குழுவை அறிந்தோர் சிலரே. ஆட்சியர் அதன் தலைவர். வேளாண் அலுவலரும் மருத்துவ அலுவலரும் தொழிற்சாலை ஆய்வாளரும் உறுப்பினர்கள்.

இந்தப் படி வலுவாக இல்லையெனில் என்ன நேரும் என்பதற்கு இரு சான்றுகள் உண்டு. பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது 2002 மார்ச்சில். ஆனால் 2001இலேயே குஜராத்தில் ஆயிரக்கணக்கான எக்டேரில் அது விளைந்து நின்றது. பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். 2019இல் அரியானாவின் பத்தேகாபாத்தில் அது வயலில் காணப்பட்டது. முன்னதை வெளிப்படுத்தியது போட்டி விதை நிறுவனம். பின்னதை வெளிப்படுத்தியோர் சமூக ஆர்வலர்கள். இரு முறையும் அரசு அலுவலர் முந்திக்கொள்ளவில்லை.

பயிற்சியே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. இந்தியா 2003இல் ஏற்ற கார்ட்டகேனா உடன்படிக்கை திறன் வளர்ப்பை வலியுறுத்துகிறது. அதன் வழியே பன்னாட்டு நிதியுதவியில் இரு கட்டத் திட்டங்களும் நடந்தன. ஆனால் பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போனால் அறிவும் அவரோடு போய்விடுகிறது. ஆகவே அது ஆண்டுதோறும், வட்டார அளவில், தமிழில் நடைபெற வேண்டும் என்பதே நம் கருத்து.

அதில் கற்பிக்க வேண்டியவை எளியவை. எந்த இலையைப் பறிப்பது, உறையிட்டு முத்திரையிடுவது எப்படி, எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது? இலையை நசுக்கிய சாற்றில் தாள் பட்டையை நனைத்துச் சில நிமிடங்களில் செய்யும் சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது? அது தேடும் புரதம் மட்டுமே அதற்குத் தெரியும். வேறு மரபணு இருந்தால் பட்டை வாய் திறவாது. இவை யாவற்றினும் முதன்மையானது, என்ன விதையென்று அறியாமல் வாங்கி விதைத்த உழவரைக் குற்றவாளியாக்காமல் பேசும் முறை.

மரபணு மாற்றுப் பயிர் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் நம் வாசகரிடையே உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்க முற்படவில்லை. தடை விதித்தாலும் காவல் வேண்டும்; அனுமதி அளித்தாலும் கண்காணிப்பு வேண்டும். கடுகு வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் வேறுபட்டுத் தீர்ப்புரைத்தபோதும், தேசியக் கொள்கை தேவை என்பதில் ஒன்றுபட்டனர். அக்கொள்கை எழுதப்படும்போது கடைசிப் படிக்கும் ஓர் அத்தியாயம் இருக்கட்டும்.

குப்பனூர்த் தோட்டத்தின் வரப்பில் முதலில் வந்து நிற்கப்போகிறவர் தில்லி அறிஞரல்லர். வட்டார வேளாண் அலுவலர்தாம். அவர் வெறுங்கையோடு வரலாகாது.