எல்லாத்துக்கும் ஒரே துப்பாக்கி

ஒரகடத்தில் ஆறு பேர் தங்கியிருக்கும் எங்கள் அறையில் போன மழைக்காலம் முழுக்க ஒரே சண்டை. வெளியே காடு மேடு சுற்றுகிறவனுக்கு எல்லாத்துக்கும் ஒத்துவருகிற ஒரே ரைஃபிள் எது? நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, அமெரிக்கக்காரன் மான் சுடுகிற வீடியோவை ஃபோனில் பார்த்துவிட்டு, தூங்காமல் இதைப் பேசுவோம். ஒருத்தன் .30-06 கட்சி. இன்னொருத்தன் ஜிம் கார்பெட் படித்தவன், அதனால் .275 ரிக்பி. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லியைச் சுட்டதற்காக கார்பெட்டுக்குப் பரிசாக வந்த துப்பாக்கி அது. கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டருக்கும் ஒரு ஆள் இருந்தான். அது நான்தான்.

இப்போது சொல்கிறேன், எங்கள் பேச்சு அத்தனையும் அபத்தம். லைசென்ஸ் யாரிடமும் இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. நிற்கிற மண்ணைப் பார்க்காமல் துப்பாக்கியைப் பற்றிப் பேசினோம்.

கார்பெட்டுக்கு மலை இருந்தது. குறி தப்பினால் குண்டை மலைச்சரிவு வாங்கிக்கொள்ளும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் நம்ம ஊர் தட்டை. ஏரி, வயல், காம்பவுண்டுச் சுவர், அவ்வளவுதான். ரைஃபிளின் குழலுக்குள்ளே திருகு மாதிரி வரி வெட்டியிருக்கும். அது குண்டைச் சுழலவிட்டு, திசை மாறாமல் வெகுதூரம் அனுப்பும். .30-06 குண்டு சற்று மேல்நோக்கிப் போனால் மூன்று கிலோமீட்டர் தாண்டித்தான் விழும். பொடியன் என்று நினைக்கிற .22 கூட ஒரு மைல் போகும். எங்கள் ஏரிக்கரையில் நின்று எந்தப் பக்கம் நீட்டினாலும் அந்தத் தூரத்துக்குள் கம்பெனி பஸ்ஸுக்கு ஆட்கள் நிற்கிறார்கள், பெண்கள் ஹாஸ்டல் மொட்டைமாடியில் யாரோ துணி காயப்போடுகிறார்கள். இங்கே ரைஃபிள் எதற்கும் ஒத்துவராது.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் கேள்விக்கு 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால், உள்ளே வரியில்லாத, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள துப்பாக்கி. பயிரைக் காக்கக் கேட்டால் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. 13ஆம் பிரிவு சாதாரண ஆளுக்காக எடுத்துச் சொல்கிற இந்த இரண்டில் ரைஃபிள் இல்லை.

அந்த மருந்துத் துப்பாக்கியைக் கரைத்துக் குடித்தவர்கள் நரிக்குறவர்கள். மருந்து, மேலே அடைப்பு, அப்புறம் ரவை, மறுபடி அடைப்பு. காடைக்கும் கௌதாரிக்கும் பொடி ரவை, பெரிய உருப்படி என்றால் பெரிய குண்டு. துப்பாக்கி ஒன்றுதான், உள்ளே போடுவதுதான் மாறும். பொடி ரவை சில நூறு மீட்டருக்குள் சோர்ந்து விழுந்துவிடும். ஒரு தடவை சுட்டால் மறுபடி கெட்டிக்க நேரமாகும் என்பதால் கண்டபடி சுடவும் முடியாது. நாங்கள் அறையில் தேடிக்கொண்டிருந்த ‘ஆல்ரவுண்டர்’ எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கிறவர்களின் தாத்தா தோளில் தொங்கியது. அதற்கு யாரும் ரிவ்யூ போடவில்லை.

திரும்ப வேட்டைக்குப் போகலாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1972இல் வனவுயிர்ச் சட்டம் வந்தது, 1991 திருத்தம் மிச்சமிருந்த வேட்டையையும் அடைத்தது. சரிதான். பழைய செங்கல்பட்டு ஜில்லாக்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிற சமயத்திலேயே வேடந்தாங்கல் ஜனங்கள், வெள்ளைச் சிப்பாய்கள் எங்கள் ஏரிப் பறவையைச் சுடுகிறார்கள் என்று கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய்ப் பாதுகாப்புக்கு எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர்தான் அவர்கள் வயலுக்கு உரம். ஆனால் வேட்டை நின்றபோது யாருடைய சோறு நின்றது என்று கேட்க வேண்டாமா? நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2023இல்தான்.

அதே நாட்டில் இன்னொரு துப்பாக்கி கூரியரில் வருகிறது. ஏர் ரைஃபிள். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத விசையும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். 20 ஜூல் என்றால் அரை கிராம் ஈயம் நொடிக்கு சுமார் 280 மீட்டர் வேகத்தில் வருவது. டப்பாவையும் காகித இலக்கையும் சுடத்தான் அந்தச் சலுகை. எங்கள் அறையில் ஒருத்தன் மூன்று மாச ஓவர்டைம் காசில் வாங்கினான். “காட்டுக்குப் போறப்ப யூஸ் ஆகும் மச்சான்.” எந்தக் காடுடா? அந்தக் காசுக்கு நல்ல பைனாகுலர் வந்திருக்கும்.

தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் ஒரு மடையான் செத்துக் கிடந்தது. சுற்றி ஏழெட்டுப் பேர். நடுவில், அந்தப் பக்கமாக வந்த ஒரு நரிக்குறவர், அறுபது வயசு இருக்கும், தோளில் ஊசிமணிப் பை. “நீதானே சுட்ட?” என்று ஒருவர். “எங்கிட்ட துப்பாக்கியே இல்ல சாமி, பையப் பாரு சாமி.” பையைக் கொட்டினார்கள். மணியெல்லாம் சேற்றில் உருண்டது. துப்பாக்கி இல்லை. அப்படியும் விடவில்லை, எங்கேயோ ஒளித்துவைத்திருப்பானாம்.

ஒரு பையன் பறவையின் இறக்கைக்கு அடியில் அழுத்தி, குண்டை வெளியே எடுத்தான். கெட்டிக்கிற துப்பாக்கியின் ரவை உருண்டையாக இருக்கும். இது நசுங்கியிருந்தாலும் நடுவில் இடுப்பு ஒடுங்கியிருந்தது, பின்பக்கம் குழி. அதே மாதிரி குண்டுகள் இருக்கிற தகர டப்பா எங்கள் அறையில், கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நான் பேசவில்லை. அவர் குந்தியபடி மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். நான் குனிந்துகூடப் பொறுக்கிக் கொடுக்கவில்லை.

இதை எங்கள் அறையில் எல்லோரும் படிப்பார்கள். மச்சான், அவர் சாயங்காலங்களில் பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் கடை விரிக்கிறார். அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு வா, நானும் வருகிறேன்.