கதவு அவர்களுடையது, கடன் நம்முடையது



சிக்கலிலும் சுற்றுவட்டாரத்திலும் பயணம் என்றால் ஒரு காலத்தில் வளைகுடா, இல்லையேல் மலேசியா. இன்று பட்டம் முடித்த பிள்ளைகள் சிலர் லண்டன், டொராண்டோ, மெல்போர்ன் என மேற்படிப்புக்கும் புறப்படுகின்றனர். கல்வி தேடிச் செல்வதை நம் மார்க்கம் சிறப்பித்தே பேசுகிறது. ஆனால் அதற்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வட்டிக்குக் கடன் வாங்கும்போது, எதை நம்பி வாங்குகிறோம் என்று சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

பெரும்பாலும் நாம் நம்புவது படிப்பை அன்று. படிப்புக்குப் பின் அங்கே வேலை செய்யக் கிடைக்கும் அனுமதியை. அந்த அனுமதி நிலையானதன்று.

பட்டம் பெற்ற வெளிநாட்டு மாணவர் ஈராண்டுகள் தங்கி வேலை பார்க்கும் வசதியை பிரிட்டன் 2012இல் நிறுத்தியது; 2021இல் மீண்டும் திறந்தது. 2024 ஜனவரி முதல், முதுநிலைப் படிப்புக்கு வருவோருள் பெரும்பாலோர் மனைவி மக்களை அழைத்துவரத் தடை விதித்தது. 2025 மே மாதத்தில், அந்த ஈராண்டுகளைப் பதினெட்டு மாதங்களாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. கனடா 2024 ஜனவரியில், மாணவர் காட்ட வேண்டிய கையிருப்புத் தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தி, அதே மாதம் மாணவர் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு அறிவித்தது. ஆஸ்திரேலியா அவ்வாண்டு ஜூலையில் மாணவர் விசாக் கட்டணத்தை 710 டாலரிலிருந்து 1,600 டாலராக்கியது.

பல்கலைக்கழகங்களுக்கு வருவாய் தேவைப்படும்போது கதவு திறக்கிறது. குடியேற்றம் தேர்தல் பேச்சாகும்போது சாத்தப்படுகிறது. அது அவர்கள் நாடு, அவர்கள் உரிமை. நம் நாட்டிலும் இதே கதைதான்: வெளிநாட்டில் படிக்கும் சிறுபான்மை மாணவரின் கடன் வட்டிக்கு உதவிய ‘படோ பர்தேஸ்’ திட்டத்தை ஒன்றிய அரசு 2022-23 முதல் கைவிட்டது. கொள்கைகள் மாறலாம், நம் வீட்டுத் தவணைத் தேதி மாறுவதில்லை.

‘எத்தனையோ பேர் போய் நன்றாக இருக்கிறார்களே’ என்பர். உண்மைதான். அவர்கள் போன ஆண்டின் சட்டம் வேறு, நம் பிள்ளை போகும் ஆண்டின் சட்டம் வேறு.

ஆகவே ஒரு கேள்வியை வீட்டில் எல்லோரும் அமர்ந்து கேட்போம்: படிப்பு முடிந்த மறுநாளே ஊர் திரும்ப நேர்ந்தால், இந்தப் பட்டம் இங்கே சோறு போடுமா? போடும் என்றால் துணிந்து அனுப்பலாம். அப்போதும் வட்டியை நாடுமுன் கல்வி உதவித்தொகையையும், உறவினர் தரும் வட்டியில்லா அழகிய கடனையும், பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் வாங்காத ஜெர்மனியையும் விசாரிப்போம். சேர்க்கைக்குத் தரகு பெறும் முகவரின் வாக்கை மட்டும் நம்ப வேண்டாம். அந்நாட்டு அரசின் அறிவிப்பை நாமே படிப்போம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும். நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.