புணே நகரின் மாலைப் பொழுது யாருக்குச் சொந்தம்?

சென்னையில் சங்கீத சபாக்கள் களைகட்டும் டிசம்பர் மாதத்தில், புணே நகரமும் சங்கீதத்தில் திளைக்கிறது. முகுந்தநகரில் மகாராஷ்டிரீய மண்டலத்தின் மைதானத்தில் நடைபெறும் சவாய் கந்தர்வ பீம்சேன் மஹோத்சவத்துக்கு ஆயிரக்கணக்கான ரசிகர்கள் வருகிறார்கள். ஆனால் வார நாட்களில் அந்த விழா பிற்பகலிலேயே தொடங்கி இரவு 10 மணிக்குள் முடிந்துவிடுகிறது. ஹிஞ்சவடியிலோ கராடியிலோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு வாலிபர் ஆபீஸை முடித்துக்கொண்டு, நெரிசலைக் கடந்து பந்தலுக்கு வந்து சேரும்போது, அன்றைய கச்சேரிகளில் பெரும்பகுதி முடிந்திருக்கும்.

முன்பு இப்படி இல்லை. தம் குருநாதர் சவாய் கந்தர்வரின் நினைவாக 1953இல் பண்டிட் பீம்சேன் ஜோஷி தொடங்கிவைத்த இந்த விழா, பல்லாண்டுக் காலம் இரவு முழுவதும் நடந்தது. பகலில் வேலையை முடித்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து அமர்ந்தவர்கள், விடியற்காலையில் எழுந்து போனார்கள். ஹிந்துஸ்தானி சங்கீதத்தில் ஒவ்வொரு ராகத்துக்கும் ஒரு வேளை உண்டு. நள்ளிரவுக்கு மால்கவுன்ஸ், விடியலுக்கு முன் லலித், விடிந்ததும் பைரவ் என்பது மரபு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும், 2005இல் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பும் இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்தன. ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். நோயாளிகளும் குழந்தைகளும் தூங்க வேண்டும் என்ற நோக்கில் வந்த விதியைக் குறைகூற இயலாது. எனினும் ஒரு விளைவு கவனிக்கத்தக்கது. ஆபீஸ் முடிந்த பிறகு தொடங்கிய சங்கீதம், இப்போது ஆபீஸ் நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இது ஒரு விழாவின் நேரப் பிரச்னை மட்டுமன்று. பாட்டு, புத்தகம், நாடகம், சினிமா, நண்பர்களோடு ஒரு காபி ஆகிய எளிய இன்பங்களுக்குப் பெயர்பெற்ற நகரில், அவற்றை அனுபவிக்க வேண்டிய வயதினருக்கு அதற்கான பொழுது இல்லாமற் போகிறது என்பதே விஷயம். இன்பத்துக்குக் குறைவில்லை, ரசனைக்கும் குறைவில்லை. குறைவது மாலைப் பொழுதுதான்.

வந்தவர்களை வளர்த்த ஊர்

புணே, வெளியூரார் வந்து தம் கலையால் உள்ளூராரான நகரம். பீம்சேன் ஜோஷியே மராத்தியர் அல்லர்; வடகர்நாடகத்தின் கதக் பகுதியைச் சேர்ந்த கன்னடிகர். அவர் பாடிய மராத்தி அபங்கங்கள் வீட்டுக்கு வீடு ஒலித்தன. 2008இல் அவருக்குப் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டபோது புணேவாசிகள் அதைத் தங்கள் வீட்டு விசேஷமாகவே கொண்டாடினர்.

பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960இல் அமைந்த திரைப்படக் கல்லூரியில்தான் மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா ஒளிப்பதிவு கற்றார். 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இந்நகரிலேயே தொடங்கியது. உலகின் சிறந்த படங்களை ஆபீஸ் முடிந்து வந்து பார்க்கும் வழக்கம் புணே ரசிகர்களுக்கு அதனால் ஏற்பட்டது. 1848இல் தோன்றிய புணே நகர் வாசன் மந்திர் நூலகம், 1917இல் நிறுவப்பட்ட பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வுக்கழகம், 1968இல் திறக்கப்பட்ட பாலகந்தர்வ ரங்கமந்திர், அப்பா பல்வந்த் சௌக்கின் புத்தகக் கடைகள் என்று பட்டியல் நீளும். பெர்குசன் கல்லூரிச் சாலையில் மாணவர்களும் எழுத்தாளர்களும் மணிக்கணக்கில் பேசிக் களித்த வைஷாலி, ரூபாலி ஓட்டல்களுங்கூட உடுப்பிக்காரர் நடத்தியவையே. தோசையும் சாம்பாரும் அங்கே மராத்திய இலக்கிய விவாதத்துக்குத் துணைநின்றன.

தமிழருக்கும் இந்நகரின் இசை அந்நியமன்று. 1676 வாக்கில் தஞ்சையில் தொடங்கிய மராத்தியர் ஆட்சி, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. அதன் பயனாக மராத்தி கீர்த்தன மரபு காவிரிக் கரையில் வேரூன்றிற்று. கும்பகோணம் பக்கத்துப் பஜனை மடத்தில் சிறுவயதில் துக்காராம் அபங்கம் கேட்டு வளர்ந்த ஒருவர், ஆஷாட மாதத்தில் பண்டரிபுரம் செல்லும் பல்லக்கு ஊர்வலம் புணேயில் தங்கும்போது, அதே அபங்கத்தை வார்கரிகளின் வாயால் கேட்கலாம். ராஸ்தா பேட்டையிலும் காம்ப், கட்கி பகுதிகளிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் இப்படித்தான் இந்த ஊரோடு ஒன்றின. இன்று வாடகை அறையில் குடியிருந்து வேலைக்குப் போய்வரும் தமிழ் வாலிபருக்கும் யுவதிக்கும் அதற்கு வாய்ப்பு இருக்கிறதா என்பதே கேள்வி.

புத்தகம் கூட்டிய அறிமுகம்

1970களின் நடுவில் புணேயில் டெல்கோ தொழிற்சாலையில் ஓர் இளம் பெண் என்ஜினீயர் வேலை பார்த்து வந்தார். சக ஊழியர் ஒருவர் அவருக்கு இரவல் கொடுத்த புத்தகங்களில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்ற ஆவல் அறிமுகமாயிற்று. அறிமுகம் திருமணத்தில் முடிந்தது. அவர்தாம் சுதா மூர்த்தி. புத்தகங்களின் சொந்தக்காரர் நாராயண மூர்த்தி. 1981இல் இதே புணேயில், மனைவி கொடுத்த 10,000 ரூபாயை முதலாகக் கொண்டு, நண்பர்களோடு சேர்ந்து அவர் தொடங்கியதே இன்போசிஸ் நிறுவனம். அதன் பெரிய வளாகம் ஒன்று இன்று ஹிஞ்சவடியில் இருக்கிறது.

நாட்டின் முன்னேற்றத்துக்காக இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் கூறியவரும் அதே நாராயண மூர்த்திதான். அவருடைய உழைப்பும் நாணயமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. தாம் பட்ட பாட்டையே அவர் அறிவுரையாகச் சொன்னார். ஆனால் வாரம் 6 நாள் வேலை என்று வைத்துக்கொண்டாலும், 70 மணி என்பது நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. போக வர இரண்டு மணி, தூக்கம் ஏழு மணி, குளியல், சமையல், சாப்பாடு என்று கழித்தால், இரவல் வாங்கிய புத்தகத்தைப் பிரித்து, அதில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்கவும் நேரம் மிஞ்சாது. தாம் அனுபவித்த பொழுதை அடுத்த தலைமுறைக்கு மறுக்கும் அறிவுரையாக அது அமைந்துவிட்டது என்றே கூற வேண்டும்.

பொழுது போகும் வழி

பொழுது விரயமாகும் முதல் இடம் சாலை. நகரின் மையத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹிஞ்சவடிக்குச் சென்று திரும்புவதே தனி உத்தியோகமாகிவிட்டது. நகரின் முதல் மெட்ரோ ரயில் 2022 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. ஹிஞ்சவடியைச் சிவாஜிநகரோடு இணைக்கும் சுமார் 23 கிலோமீட்டர் தடத்துக்கு 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்குக் குறித்த கெடு பலமுறை தள்ளிப்போயிற்று.

இரண்டாவது இடம் ஆபீஸ். 2024 ஜூலையில், இந்நகரின் தணிக்கை நிறுவனம் ஒன்றில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஓர் இளம் பெண் ஊழியர் காலமானார். ஓய்வில்லாத வேலைப் பளுவே காரணம் என்று அவருடைய தாயார் எழுதிய கடிதம் நாடெங்கும் அதிர்ச்சியை உண்டாக்கிற்று. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் விசாரணையை மேற்கொண்டது. மரணத்தின் காரணத்தைத் தீர்மானிப்பது மருத்துவர் வேலை. ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அதில் தங்கள் அன்றாட வாழ்க்கையைக் கண்டார்கள் என்பது மறுக்க முடியாத உண்மை.

மூன்றாவது இடம் கையிலுள்ள போன். இதற்கு முதலாளிகளைக் குறைசொல்லிப் பயனில்லை. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 6 வயதுக்கு மேற்பட்டோர் தம் நாளில் 11 சதவீதத்தைக் கலை, ஓய்வு, விளையாட்டு, செய்திச் சாதனங்கள் ஆகியவற்றில் செலவிடுகிறார்கள். 2019இல் இது 9.9 சதவீதமாக இருந்தது. கணக்கில் ஓய்வு கூடியிருக்கிறது; ஆனால் கச்சேரி கேட்பதும் போனில் படம் பார்ப்பதும் அந்தக் கணக்கில் ஒரே பத்தியில் அடங்கிவிடுகின்றன. களைத்து வந்தவர் படுத்துக்கொண்டே திரையைத் தள்ளிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை. புத்தகத்துக்கும் பாட்டுக்கும் நேரம் மட்டும் போதாது, கொஞ்சம் தெம்பும் வேண்டும். இன்னொன்றும் அதே ஆய்வில் தெரிகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிட, ஆண்கள் 88 நிமிடங்களே செலவிடுகிறார்கள். மாலைப் பொழுதை முதலில் இழப்பவர் யார் என்பதை வேறு விளக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த கதை

ஓய்வு நேரம் ஆகாயத்திலிருந்து விழுந்ததன்று. பம்பாய் மில் தொழிலாளருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் இல்லாத காலம் இருந்தது. புணேயில் மகாத்மா ஜோதிபா புலே 1873இல் நிறுவிய சத்தியசோதக சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, 1890 ஜூன் 10ஆம் தேதி மில் முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். சென்னையில் 1918இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று வளர்த்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முதற் கோரிக்கைகளிலும் வேலை நேரமும் உணவு இடைவேளையும் இடம்பெற்றன. மறு ஆண்டே சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் முதல் மாநாடு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற அளவை வகுத்தது. 1948இல் ஐ.நா. சபையின் மனித உரிமைப் பிரகடனம் ஓய்வையும் ஓர் உரிமையாகவே அறிவித்தது.

இந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமையும் ஊழியர்களிடம் வேலை வாங்க இயலவில்லையே என்று ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவர் 2025 ஜனவரியில் வருந்தியது விசித்திரமாகவே இருந்திருக்கும்.

சட்டம் செல்லும் திசை

2025 செப்டம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை, தனியார் கடைகள், நிறுவனங்களில் நாளொன்றுக்கு 9 மணியாக இருந்த வேலை நேர வரம்பை 10 மணியாகவும், தொழிற்சாலைகளில் 12 மணியாகவும் உயர்த்த ஒப்புதல் அளித்தது. முதலீடு வரும், வேலைவாய்ப்பு பெருகும், கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் கிடைக்கும் என்பது அரசின் வாதம். இதைத் தள்ளிவிட முடியாது. கூடுதல் நேரத்துக்குக் கணக்கு எழுதப்படும் தொழிற்சாலையில் அதற்குப் பொருளும் உண்டு. ஆனால் மாதச் சம்பளக்காரர் இரவு 11 மணிக்கு வீட்டிலிருந்து அனுப்பும் பதிலை எந்தப் பதிவேடும் குறித்துக்கொள்வதில்லை.

தமிழகத்தின் அனுபவம் இங்கே நினைவுகூரத்தக்கது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த மசோதா 2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்ததால், சில நாட்களிலேயே, மே தினத்தன்று, அது வாபஸ் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். கேட்க வாய் இருந்த இடத்தில் சட்டம் பின்வாங்கியது. கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்களுக்கு அப்படிப்பட்ட அமைப்புகள் பலமாக இல்லை.

வேலை நேரம் முடிந்தபின் ஆபீஸ் அழைப்புக்குப் பதிலளிக்காதிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இலும், ஆஸ்திரேலியா 2024இலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. புணே மாவட்டத்தின் ஒரு பகுதியை உள்ளடக்கிய பாராமதி தொகுதியின் உறுப்பினர் சுப்ரியா சுலே இதே நோக்கில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார்; 2025 டிசம்பரில் அதை மீண்டும் மக்களவையில் தாக்கல் செய்தார். தனிநபர் மசோதாக்கள் நிறைவேறுவது அரிது. ஆயினும் கேள்வி சபையின் முன் வைக்கப்பட்டிருக்கிறது.

ரசிகர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் பெர்குசன் கல்லூரி மைதானத்தில் நேஷனல் புக் டிரஸ்ட் தொடங்கிய புத்தகத் திருவிழாவில் இளைஞர் கூட்டம் திரண்டது. பொழுது கிடைத்தால் அவர்கள் வருகிறார்கள். ஆகவே செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஹிஞ்சவடி ரயில் தடம் கச்சேரி முடியும் நேரத்துக்குப் பின்னும் ஓட வேண்டும். நூலகங்கள் ஆபீஸ் விட்டபின்னும் திறந்திருக்க வேண்டும். வேலை நேர வரம்பு சம்பளப் பட்டியல் ஊழியருக்கும் உண்மையில் பொருந்த வேண்டும். வீட்டில் ஆண்களும் அடுப்படிக்குச் செல்ல வேண்டும்.

இவை நடந்தனவா என்று அறிய ஆய்வு எதுவும் தேவைப்படாது. ஒரு டிசம்பர் மாதப் புதன்கிழமையன்று, ஹிஞ்சவடியில் வேலை செய்யும் ஒரு பெண், யாரிடமும் விடுப்புக் கேட்காமல், முகுந்தநகர்ப் பந்தலில் அன்றைய கடைசிக் கச்சேரியையாவது முழுமையாக இருந்து கேட்டுவிட்டு, பயமின்றி அறைக்குத் திரும்ப முடிந்ததா என்று பார்த்தாலே போதும்.