கொடுத்துச் செல்லாத சொல்

பாரிஸ் நகரிற் பிறந்த சிறுவன் ஒருவன் விடுமுறைக்கு இறுப்பிட்டிக்கு வந்திருந்தான். பாட்டியார் கையிலிருந்த பனங்கட்டியைச் சுட்டி, "அம்மம்மா, தங்கச்சிக்குத் தாங்கோ" என்றான். அவர் நகைத்து, "உனக்கெண்டால் 'தாங்கோ' எண்டு கேள், தங்கச்சிக்கெண்டால் 'குடுங்கோ' எண்டு சொல்லு, ராசா" என்று திருத்தினார்.

சிறுவன்மீது குற்றமில்லை. அவன் பள்ளியிற் கற்கும் பிரெஞ்சு மொழியில் இரண்டிற்கும் வினை ஒன்றே. அதன் உடன்பிறப்புகளான ஸ்பானிய, போர்த்துக்கேய மொழிகளிலும் அவ்வாறே. அவ்விரு மொழியாரும் 'தார்' என்னும் ஒரு வினையாலேயே கொடுத்தலைக் கூறுவர். அது நம் 'தா' என்பதன் உறவன்று. வடமொழித் 'தானம்' எந்த வேரிற் பிறந்ததோ அதன் இனத்தது அது. ஒலி ஒப்புமை கொண்டு உறவு கற்பித்தல் தகாது என்பதற்கு இஃதொரு சான்று.

அந்த ஒரு வினை ஆற்றும் தொழில்களோ பல. ஸ்பானியர் கடிகாரம் மூன்று மணியைக் 'கொடுக்கும்'. மகவை ஈன்ற தாய் அதனை 'ஒளிக்குக் கொடுத்தாள்' என்பர் இரு மொழியாரும். உலாவச் செல்வோன் ஓர் உலாவைக் 'கொடுக்கிறான்'. போர்த்துக்கேயர் 'கொடாது' என்று சொன்னால், 'இயலாது' என்பது பொருள். அகராதியில் முதலிற் காணும் பொருளை மட்டும் பற்றிக்கொண்டு மொழிபெயர்க்கும் மாணவன் இங்கெல்லாம் இடறி வீழ்வான்.

போர்த்துக்கேயர் நமக்கு அயலாரல்லர். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, 1658 இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கைற்ஸ்' என்ற பெயரும், துறைமேடையைக் குறிக்கும் அவர்தம் சொல்லினின்று வந்ததே. கதிரை, அலுமாரி, குசினி, பாண், சப்பாத்து, யன்னல் என அவர்களிடமிருந்து நாம் பெற்ற சொற்கள் பல. அவை யாவும் பெயர்ச்சொற்கள் என்பதை நோக்குக. பொருள் வந்தது, அதனோடு பெயரும் வந்தது. வினை வரவில்லை. அவர்களுடைய யன்னல் தெருவுக்குக் 'கொடுக்கிறது'. நம் வீட்டு யன்னலோ இன்றும் தெருவைப் 'பார்க்கிறது'. பெயர் அவர்களது, பார்வை நம்முடையது!

நம்முடைய வினைகளும் பலபொருள் கொண்டு தழைத்தவையே. கைகொடுத்தல், காதுகொடுத்தல், பெண்கொடுத்தல், சொல்லிக்கொடுத்தல் என்பவற்றுள் கொடுக்கும் பொருள் எத்தனை விதம்! துன்பத்திற்கு 'முகங்கொடுத்தான்' என்கிறோம். தன் செயலுக்குப் பொறுப்பேற்று முன்வந்து நிற்பவனை, ஸ்பானியரும் 'முகத்தைக் கொடுத்தான்' என்பர். மாந்தர் மனம் இவ்வாறு எதிர்பாராத இடத்தில் ஒன்றுபடுவதும் உண்டு.

ஆயினும் தமிழ் ஒரு நுட்பத்தைப் போற்றியது. தன்மைக்கும் முன்னிலைக்கும் தருதல், படர்க்கைக்குக் கொடுத்தல் என்று கிளவியாக்கத்தில் வகுத்தார் தொல்காப்பியர். இரப்போன் தாழ்ந்தவனாயின் 'ஈ' என்றும், ஒத்தவனாயின் 'தா' என்றும், உயர்ந்தவனாயின் 'கொடு' என்றும் கூறுவான் என எச்சவியலிற் பிறிதொரு விதியும் அமைத்தார். பின்னது நூலோடு நின்றுவிட்டது. முன்னது எங்கள் தீவுப்பேச்சில் இன்றும் உயிரோடிருக்கிறது.

புலம்பெயர்ந்த வீடுகளிலே தமிழ் தேய்கிறதென்று வருந்துவோர், பெரும்பாலும் பிள்ளைகளின் வாயிற் புகும் பிறமொழிப் பெயர்களையே எண்ணிக் கவலுறுகின்றனர். பெயர்கள் வரும், போகும். கதிரை வந்ததனால் தமிழ் கெட்டுவிடவில்லை. வினையின் நுட்பம் தேய்வதே ஓசையின்றி நிகழும் இழப்பு. அதனைக் காப்பதற்கு மாநாடு வேண்டியதில்லை. பிள்ளை பிழைபடச் சொல்லும்போது, சினவாது அப்பொழுதே திருத்தும் ஒரு பாட்டி போதும்.

அன்று மாலையே அச்சிறுவன், "அம்மம்மா, எனக்கும் தாங்கோ, தங்கச்சிக்கும் குடுங்கோ" என்றான். இருவர்க்கும் பனங்கட்டி கிடைத்தது.