ஊர் கூடினால் உயிர் பிழைக்கும்!
புயலிடம் வங்காளதேசம் கற்ற பாடம்

வங்கக் கடலின் வடகோடியில் இருக்கிறது, வங்காளதேசம். பெரும்பகுதி ஆறுகள் கொண்டு வந்து சேர்த்த வண்டல் மண்ணால் ஆன நாடு. கடற்கரை ஓரத்தில் பல இடங்களில் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. பெரும் புயல் அடித்தால் கடலே ஊருக்குள் வந்துவிடும்.

1970-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி இரவு அப்படித்தான் வந்தது. அப்போது அந்த நாடு கிழக்கு பாகிஸ்தானாக இருந்தது. 3 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். 5 லட்சம் என்றும் ஒரு கணக்கு உண்டு.

2020-ம் ஆண்டு மே மாதம் "அம்பான்" என்ற பெரும் புயல் அந்த நாட்டைத் தாக்கியது. அங்கே இறந்தவர்கள் 30 பேருக்கும் குறைவு!

எல்லாப் புயலுக்கும் ஒரே வலு கிடையாது. ஆனாலும் இவ்வளவு பெரிய மாறுதல் தானாக வந்துவிடாது. பின் எப்படி வந்தது?

மையம் இருந்தும் போகவில்லை

1970 புயலுக்குப் பிறகு கரை ஓரத்தில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. உயர்ந்த தூண்கள் மேல் நிற்கும் காங்கிரீட் கட்டிடங்கள் அவை. கீழே வெள்ளம் ஓடும். மேலே மக்கள் தங்கலாம்.

1991-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி மறுபடியும் பெரும் புயல். எச்சரிக்கை முன்கூட்டியே கொடுக்கப்பட்டது. அப்படியும் சுமார் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் பலியானார்கள்.

மையங்கள் போதவில்லை. பல ஊர்களுக்கு அவை தொலைவில் இருந்தன. ஆனால், பக்கத்தில் மையம் இருந்தும் போகாதவர்கள் உண்டு.

வீட்டில் திருடு போய்விடுமோ என்று சிலர் பயந்தார்கள். மாட்டை விட்டுப் போகச் சிலருக்கு மனம் வரவில்லை. ஏழைக்கு அந்த மாடுதானே சொத்து! ஆண்கள் நிறைந்த கூடத்தில், மறைவு இல்லாத இடத்தில், இரவில் எப்படித் தங்குவது என்று பெண்கள் தயங்கினார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம்.

யார் யாருக்கு என்ன வேலை?

அதன் பிறகு கட்டிய மையங்கள் பலவற்றில் பெண்களுக்குத் தனி அறை வைத்தார்கள். ஆடு மாடுகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். சில ஊர்களில் கால்நடைகளுக்காக மண் மேடுகளும் உண்டு.

பல மையங்கள் மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்களாக நடக்கின்றன. அதனால் அவை பூட்டிக் கிடப்பதில்லை. வழியும் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

செஞ்சிலுவைச் சங்கம் 1972-ம் ஆண்டு தொண்டர் படை ஒன்றைத் தொடங்கி இருந்தது. பிறகு அரசாங்கமும் அதில் சேர்ந்து கொண்டது. இன்று சுமார் 76 ஆயிரம் தொண்டர்கள் இருக்கிறார்கள். ஒரு குழுவுக்கு 20 பேர். அதில் 10 பேர் பெண்கள்.

புயல் நெருங்கினால் இவர்கள் கொடி ஏற்றுவார்கள். ஆபத்து கூடக் கூட கொடியும் கூடும். மூன்று கொடி பறந்தால் பெரும் ஆபத்து. ஒலிபெருக்கியுடன் தெருத் தெருவாகப் போவார்கள்.

இவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள், எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள் என்பது இவர்களுக்குத் தெரியும். வானொலி சொன்னால் "பார்க்கலாம்" என்று இருப்பவரும், பக்கத்து வீட்டுப் பெண் வந்து கையைப் பிடித்து அழைத்தால் எழுந்து வருவார்.

அம்பான் புயலின்போது 20 லட்சம் பேருக்கு மேல் பாதுகாப்பான இடங்களுக்குப் போனார்கள். அது கொரோனா காலம். நெருக்கடியைக் குறைக்க, வழக்கத்தைவிட அதிகமான கட்டிடங்களைத் திறந்துவிட்டார்கள்.

மூன்று கேள்விகள்

குறை இல்லாமல் இல்லை. ஆற்றுத் தீவுகளில் வாழ்கிறவர்களுக்கு மையத்துக்குப் போகப் படகு வேண்டும். உயிர் தப்பித் திரும்பினாலும், வயலில் உப்புத் தண்ணீர் நிற்கும்.

அதே வங்கக் கடல்தான் தமிழ்நாட்டுக் கரையிலும் மோதுகிறது. இங்கும் பாதுகாப்பு மையங்கள் உண்டு. மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? நடக்க முடியாத பாட்டியைத் தூக்கி வருவது யார்? மாட்டை எங்கே கட்டுவது?

வானம் தெளிவாக இருக்கும்போதே ஊரார் கூடிப் பேசி, இந்த மூன்றுக்கும் பதில் கண்டுவிட வேண்டும்.